ஃபேன் கம்பி மாட்டிய ஹெல்மெட்

தைரியசாலி செய்கிற தவறு பெரும்பாலும் அவனோடு முடிந்துவிடும். பயந்தாங்கொள்ளி செய்கிற தவறுக்குத்தான் சம்பந்தமே இல்லாதவர்கள் எல்லாம் வரிசையில் நின்று அவதிப்பட வேண்டியிருக்கும். நான் இரண்டாவது ரகம். அதுவும் சாதாரண பயந்தாங்கொள்ளி இல்லை. பயத்தை விற்றே குடும்பம் நடத்துகிறவன்.

கடத்தூரில் நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா குடும்பம் என்னங்க பண்ணும்?" என்று கேட்பதுதான் என் தொழில். (சிலர் டம்ளரைப் பாதியில் வாங்கிக்கொள்வார்கள்.) இத்தனை வருடத்தில் நான் சொன்னதைக் கேட்டு நிஜமாகவே பயந்துபோன ஒரே ஆள் யாரென்று யோசித்துப் பார்த்தால், அது நான்தான். வெளியூர் கிளம்பினால் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கேஸ் அடுப்பைப் பார்ப்பேன். மழை வந்தால் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய ஒயர் யார் காலிலாவது தட்டுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "உங்கப்பாவுக்கு இட்லியில கூட எலும்பு இருக்குமோன்னு பயம்" என்று மகளிடம் சொல்வாள் என் மனைவி செல்வி.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், ஊரில் எத்தனையோ விளையாட்டு இருக்க, பேஸ்பால் ஆடப் போனாள்.

நிவேதா அப்போது பிளஸ் டூ. அவள் பள்ளிக்கு மல்லிகா மிஸ் என்று ஓர் உடற்கல்வி ஆசிரியை வந்திருந்தார். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர். கல்லூரியில் பேஸ்பால் ஆடியவராம். வாலிபாலும் கோகோவும் ஆடிக்கொண்டிருந்த பெண்களைக் கூட்டி வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தார். ஒருத்தி பந்தை வீசுவாள், இன்னொருத்தி உருண்டைக் கட்டையால் அதை அடித்துவிட்டு நான்கு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், "அடிச்சிட்டு ஏங்க ஓடணும்? அடி வாங்குனவன்தான ஓடணும்?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் நிவி ஆடுவதைப் பார்த்தால் சந்தேகமெல்லாம் போய்விடும். கட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஒரு காலைக் கொஞ்சம் மடக்கி, பந்துக்காக அவள் காத்திருக்கும்போது அந்தப் பெண் யாரோ என்று எனக்குத் தோன்றும். வீட்டில் பல்லி விழுந்தால் அலறுகிறவள் அங்கே கண்ணைச் சிமிட்டக்கூட மாட்டாள். பள்ளி அணிக்கு அவள்தான் கேப்டன். அந்த வருடம் மண்டல ஆட்டத்தைப் பார்த்து மாநில அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. அதில் இடம் கிடைத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விப் படிப்பில் சேர்ந்துவிடலாம். மல்லிகா மிஸ் மாதிரி ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. பிளஸ் டூ முடிந்தால் பள்ளி ஆட்டமும் முடிந்தது. ஆக, அந்த ஒரு ஆட்டம்தான்.

அதற்குச் சில வாரங்கள் முன்னால், பயிற்சியின்போது பந்து எகிறி அவள் முகத்தில் அடித்துவிட்டது.

போன் வந்தபோது நான் இண்டூரில் ஒரு விவசாயியின் வீட்டில் இருந்தேன். எப்படி வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தருமபுரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தோம். "கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க, எலும்பும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தது. கன்னத்தில் ஒரு சின்னக் கறுப்பு மட்டும் தங்கியது. நிவி அடுத்த வாரமே மைதானத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் பயம் போகவில்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தால் அந்தக் கறுப்பு தெரியும். சோற்றைப் பிசைந்தபடியே இருப்பேன்.

ஆடும்போது அவர்கள் போடுகிற ஹெல்மெட்டை அப்போதுதான் கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு காதையும் மூடுகிறது. பின்மண்டையை மூடுகிறது. முகத்துக்கு ஒன்றுமே இல்லை. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு கட்டிவிட்டு வாசலில் கேட் போடாமல் விட்ட மாதிரி. அணிக்கு மொத்தமே ஐந்து ஹெல்மெட்தான், முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது. யார் அடிக்கப் போகிறார்களோ, யார் ஓடுகிறார்களோ அவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

காலாண்டு விடுமுறையில் பள்ளியின் விளையாட்டு அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று, சாமான் பையை மிஸ் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். நிவி பென்னாகரத்தில் அவள் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். விடுமுறை முடிந்த மறுநாளே தருமபுரியில் ஆட்டம். ஹெல்மெட் ஐந்தும் என் வீட்டில். நானும் என் பயமும் தனியாக. (செல்வி இருந்தாள். ஆனால் அவளிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதால் கேட்கவில்லை.)

அன்வர் பாய் எங்கள் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன சார், கேட் வேலையா?"

"கேட் மாதிரிதான் பாய். மூஞ்சிக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. உடனே புரிந்துகொண்டார். அது வேண்டாம், இது வெயிட்டு என்று கம்பி தேடியவர், பட்டறையின் பின்பக்கம் போய், பழைய டேபிள் ஃபேன்களின் முன்கூண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். "லேசா இருக்கும், காத்தும் வரும், கண்ணும் தெரியும். இதவிட என்ன சார் வேணும்?"

கூண்டைப் பாதியாக வெட்டி, வளைத்து, ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் நெற்றியிலும் ஓட்டை போட்டு, போல்ட்டு வைத்து முடுக்கினார். டிரில்லிங் மெஷின் உள்ளே இறங்கும்போது பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வந்தது. எனக்கு அது என்னவோ சாம்பிராணி மாதிரி இருந்தது. பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு லேசானது. முதல் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டு, சுத்தியலால் முகத்துக்கு நேரே ஒரு தட்டு தட்டினார்.

"வலிக்குதா சார்?"

"இல்ல பாய். காதுல மணி அடிக்குது."

"அடிக்கட்டும் சார். நல்லதுதான்."

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிவி எந்த ஹெல்மெட்டைப் போடுவாள் என்று தெரியாதே, மற்றவர்களும் பெற்ற பிள்ளைகள்தானே என்று ஐந்துக்கும் போடச் சொன்னேன். மேலே சில்வர் பெயின்ட்டும் அடித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இண்டூர் விவசாயி வீட்டில் அன்றைக்கு நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான். அவர் தன் ஜீப்புக்கு முன்னால் பெரிய இரும்புக் கம்பி ஒன்றை மாட்டியிருந்தார். வண்டி மோதி, இழப்பீடு வராமல் போய்விட்டது. "கம்பெனி குடுத்த மாதிரியே வண்டி இருக்கணுங்க. நாமளா ஒரு ஆணி அடிச்சாலும் அது வேற வண்டி ஆயிடும்" என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். அவ்வளவு தெளிவாக விளக்கினேன். அவர் தலையாட்டிக்கூடக் கேட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் நிவி ஊரிலிருந்து வந்தாள். பையைத் திறந்து ஒன்றை எடுத்தவள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்கப்பா?"

"கவசம்."

"ஃபேன் மாதிரி இருக்குது."

"ஃபேன்தான்."

செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. "ஏங்க, சுவிட்ச் எங்கங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்பதற்குள் கண்ணெல்லாம் தண்ணீர்.

நிவி சிரிக்கவில்லை. "மிஸ்கிட்ட கேட்டீங்களாப்பா? ஹெல்மெட்டுக்கு என்னமோ ரூல் இருக்குது. ஆட்டத்துக்கு முன்ன எல்லாத்தையும் எடுத்துப் பாப்பாங்க."

"எந்த ரூலாச்சும் மூஞ்சிய ஒடச்சிக்கன்னு சொல்லுமா? போட்டிருக்கறது பாதுகாப்புக்குத்தான? பாத்தா பாராட்டுவாங்க."

"இல்லப்பா, ஒரு வார்த்த போன் பண்ணி..."

"அவங்க நாளைக்கு வேன் ஏற்பாட்டுல இருப்பாங்க. இதுக்குப் போயி தொந்தரவு பண்ணாத."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையால் கன்னத்தை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள்.

"சரிங்கப்பா" என்றாள்.

பெற்றவர்கள் பிள்ளைகளை மிரட்டிச் சாதிப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் என் பெண்ணை மிரட்டியதே இல்லை. பயந்து காட்டித்தான் சாதித்திருக்கிறேன். அது மிரட்டுவதைவிட மோசம் என்று எனக்குத் தெரிய ஒரு நாள் ஆனது.

மறுநாள் பிள்ளைகள் வேனில் போக, நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். மைதானத்தில் பெற்றோர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு அணியும் தங்கள் சாமான்களைப் புல்லில் பரப்ப வேண்டுமாம். மட்டைகள் ஒரு வரிசை, ஹெல்மெட்டுகள் ஒரு வரிசை. சேலத்திலிருந்து வந்த அம்பயர், ஒல்லியான மனிதர், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மட்டையைத் தட்டிப் பார்த்தார், பிடியில் சுற்றியிருந்ததை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் ஹெல்மெட்டுகளின் முன்னால் வந்து நின்றார். வெயிலில் ஐந்தும் மின்னின.

மல்லிகா மிஸ்ஸும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். பை மூடியபடியே வேனில் ஏறி, மூடியபடியே இறங்கியிருந்தது.

எதிரணிப் பெண்களில் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, ரெண்டுல வெக்கட்டுமா, மூணுல வெக்கட்டுமா?"

இன்னொருத்தி, "மூணுல வெச்சா தலை சுத்தும்டி" என்றாள். அந்த வரிசை முழுக்கக் குலுங்கியது. எங்கள் பெண்களிலும் இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அம்பயர் சிரிக்கவில்லை. "இது கம்பெனி மாட்டுனது இல்லைங்களே. கழட்டிருங்க" என்றார். நிவி கயிற்றருகே ஓடிவந்து ஸ்பானர் கேட்டாள். (என் ஸ்கூட்டரில் ஸ்பானர், டார்ச், பஞ்சு, டிஞ்சர் எல்லாமே உண்டு.) கொடுத்தேன். கம்பி கழன்றது. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், அம்பயர் ஒரு ஹெல்மெட்டைத் திருப்பி, உள்ளிருந்து விரலை விட்டார். விரல் நெற்றி வழியாக வெளியே வந்தது. அதை அவர் ஆட்டிக் காட்டினார். அந்த விரல் அங்கே நின்று ஆடியதை நான் இன்னும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

"இது என்னங்க மேடம்?"

"ஓட்டைங்க சார்" என்றார் மல்லிகா மிஸ், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

"ஓட்டை போட்டா அது ஹெல்மெட்டே இல்லைங்க. பந்து பட்டுச்சுன்னா விரிசல் அந்த எடத்துலருந்துதான் ஓடும். சோதிச்சுப் பாத்து உள்ள முத்திரை போட்டு அனுப்பறாங்க பாருங்க, அது அவங்க செஞ்சபடியே இருக்கறவரைக்கும்தான் செல்லும். இந்த அஞ்சையும் நான் விடமுடியாதுங்க."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். என் பெண்ணின் முகத்தைக் காப்பாற்றுவதற்காக நான் அவள் மண்டையில் விரிசலுக்கு வழி வெட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி நிவி ஓடி வந்தாள். "அப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்போர்ட்ஸ் கடை இருக்குதுங்கப்பா. ஹெல்மெட் கெடைக்குதான்னு போய்ப் பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம் குடுத்திருக்காங்க. சீக்கிரம் போங்க."

எனக்கு உயிர் வந்தது. செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. தருமபுரி ரோட்டில் வாழ்க்கையில் முதல் முறையாக வேகமாக வண்டி ஓட்டினேன். முதல் கடையில் ஷட்டில் பேட்டும் கேரம் பவுடரும் இருந்தன. இரண்டாவது கடைக்காரர், "பேஸ்பாலுங்களா? அது சினிமாலதான் சார் பாத்திருக்கறேன்" என்றார். மூன்றாவது கடையில் கிரிக்கெட் ஹெல்மெட் இருந்தது.

"இதுல கம்பி இருக்குதே" என்றேன்.

"கம்பெனி கம்பி சார். ஒரிஜினல்."

கம்பெனி கம்பி என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாங்கினேன். பேஸ்பாலில் கிரிக்கெட் ஹெல்மெட்டை விடுவார்களா என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை.

திரும்பி வந்தால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பெண் ஒருத்தி அடிக்க நிற்கிறாள், தலையில் வேறு நிற ஹெல்மெட். எதிரணிப் பயிற்சியாளர் தங்களுடையதையே கடன் கொடுத்துவிட்டாராம். நல்ல மனிதர். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. கயிற்றோரம் உட்கார்ந்து, நிலக்கடலை தின்றுகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் கொஞ்சம் வாங்கிக் கொறித்தேன். நிவி பெஞ்சின் ஓரத்தில் நின்று, அடிப்பவளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் முறை வரும் என்று காத்திருந்தேன்.

முறை மாறியது. எங்கள் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். நிவி ஓடவில்லை. கை தட்டி எல்லோரையும் அனுப்பிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கடலை வாயில் அப்படியே நின்றது. கயிற்றைத் தாண்டி மல்லிகா மிஸ்ஸிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"போட்டி நடத்தறவங்க வந்துட்டாங்க சார். பிள்ளைங்க தலைக்கு ஓட்டை போட்ட ஹெல்மெட்ட குடுத்திருக்கறீங்களே, யார் பண்ணுனதுன்னு கேட்டாங்க. கோச்சுன்னா மேல எழுதி அனுப்பணும்னாங்க. எனக்கு... நான் ஒப்பந்தத்துல இருக்கறேன் சார், எழுதுனா அவ்வளவுதான். என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன், நிவேதா முன்னாடி வந்து, 'நான்தான் சார் பண்ணுனேன், மிஸ்ஸுக்குத் தெரியாது'ன்னுட்டா. சாமான மாத்துன ஆளு இந்த ஆட்டத்துல ஆடக்கூடாதுன்னு அவ பேர எடுத்துட்டாங்க. தடுக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சார்."

முறை மாறுகிற இடைவெளியில் அம்பயரிடம் போனேன். இரண்டு கக்கத்திலும் கிரிக்கெட் ஹெல்மெட்.

"நீங்க யாருங்க?"

"சார், அந்த ஓட்டை என்னுதுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். கொட்டித் தீர்த்தேன். பந்து பட்டது, ஸ்கேன் எடுத்தது, அன்வர் பாய், ஃபேன், எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"புரியுதுங்க. ஆனா பட்டியல்ல பேர் அடிச்சாச்சு. பேஸ்பால்ல வெளிய போன ஆளு அதே ஆட்டத்துல திரும்ப உள்ள வர முடியாதுங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான்."

"ஒரு திருத்தம் போட்டுக்கலாங்களே சார். எங்க கம்பெனியில பாலிசியில கூட பேர் தப்பாயிட்டா ஒரு என்டார்ஸ்மென்ட் போட்டுக் குடுத்துருவாங்க."

"இது பாலிசி இல்லைங்க."

"அவளுக்கு இதான் சார் கடைசி வருசம்." என் குரல் உடைந்து, மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. நிவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

அம்பயர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிவந்தார். "காலையில கேட்டப்பவே நீங்க வந்து சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு ஆடியிருக்கும்" என்றார்.

"நான் கடைக்குப் போயிருந்தேங்க."

அவர் என் கக்கத்தில் இருந்தவற்றைப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "உக்காருங்க சார்" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார், நான் குனிந்து வெளியே போக.

ஒரு ரன்னில் தோற்றார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். நிவி ஆடியிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்று மிஸ் எனக்காகச் சொன்னார். ஆனால் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் தோற்ற அணியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். எங்கள் அணியிலேயே ஒரு பெண்ணின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணை முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவள் நிவிதான். மிஸ் அவர்களிடம் நிவியைப் பற்றி என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "நல்லா ஆடும்னு நீங்க சொல்றீங்க மேடம், நாங்க பாக்கணுமில்லைங்களா" என்றார் ஒருவர். நியாயம்தான். அன்றைக்கு எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

நிவி வேனில் போகாமல் என்னோடு ஸ்கூட்டரில் வந்தாள். கூட்டு ரோட்டு டீக்கடையில் நிறுத்தினேன். டீ வந்தது. அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"கடையில கெடைக்காதுன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்ப்பா. இங்க எங்கயும் கெடைக்காது. மிஸ்ஸே ஆர்டர் போட்டுத்தான் வாங்குனாங்க."

"அப்பறம் எதுக்கு என்ன அனுப்புன?"

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க இருந்தா, நான்தான்னு ஓடி வந்து சொல்லிருவீங்க. அந்தப் புள்ளைங்க ஃபேனு, ரெகுலேட்டருன்னு எங்களப் பாத்து சிரிச்சாங்கல்ல, அத்தன பேரும் உங்களப் பாத்து சிரிச்சா எனக்கு ஆடவே வந்திருக்காதுங்கப்பா."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"திட்டுவாங்க, அதோட விட்டுருவாங்கன்னு நெனச்சேன். பேர எடுப்பாங்கன்னு தெரியாது" என்றாள். அதன் பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "கன்னம் இப்ப வலிக்கவே இல்லைங்கப்பா. நெசமா" என்றாள்.

ஸ்கூட்டரைக் கிளப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சாவி கண்ணுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்குப் புது ஹெல்மெட்டுகள் வரவழைத்துக் கொடுத்தேன். மிஸ் வாங்கிக்கொண்டார், ஆனால் அதன் பிறகு சாமான் பையை எங்கள் வீட்டுப் பக்கமே அனுப்பியதில்லை. நிவி இப்போது சேலத்தில் பி.காம். படிக்கிறாள். மார்க்கெல்லாம் நன்றாகத்தான் வாங்குகிறாள். "அக்கவுண்ட்ஸ் நல்லாத்தான்ப்பா இருக்குது" என்கிறாள். நான் கேட்காதபோதே சொல்கிறாள்.

எங்கள் வீட்டில் இது ஒரு நிரந்தர நகைச்சுவை ஆகிவிட்டது. நான் எதை வாங்கி வந்தாலும், மிக்ஸியோ, மாப்போ, கத்திரிக்காயோ, செல்வி, "அம்பயர்கிட்ட காட்டுனீங்களா?" என்பாள். பென்னாகரத்து மச்சான் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இலையிலிருந்து எழ மாட்டார். ஏதாவது ஒரு டம்ளரையோ தொன்னையையோ கவிழ்த்து, விரலை ஆட்டிக் காட்டி, அம்பயர் குரலில், "இது என்னங்க மேடம்?" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கதை எப்போதும் அந்த விரலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நடந்ததை மச்சானுக்கு நாங்கள் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

போன தை மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம் ஆகி, புது மருமகளோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மச்சான் வழக்கம்போல ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குக் கதை புதிது. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, கதை இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்து, நிவியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்பறம், அன்னைக்கு நீ எத்தன ரன்னு அடிச்ச?"

செல்வி ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் இலையில் இருந்த அப்பளத்தை உடைத்தேன். எதற்கென்று தெரியாமல் உடைத்துக்கொண்டே இருந்தேன்.

நிவி சிரித்த முகம் மாறாமல், மோரை இலையில் ஊற்றிக்கொண்டாள்.

"ரன்னுதான் ஞாபகம் இல்லைங்கக்கா" என்றாள். "ஆனா கடைசி வரைக்கும் அவுட் ஆகல."

"என் மருமகளாச்சே" என்றார் மச்சான், நிவியைப் பார்த்துப் பெருமையாக. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.